வட்டத்தில் மாட்டிய பட்டை

சலவை ஆலையில் அவருக்குப் ‘பட்டை’ என்றுதான் பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதைக் கேட்டதும், மனிதருக்குக் குடிப்பழக்கம் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாயங்கால நேரத்தில் அவர் பக்கத்தில் நிற்கவே யோசிப்பார்கள். விஷயம் அதுவல்ல. கணினி அட்டவணையில் இருக்கும் எந்த விவரத்தைப் படமாகப் போட்டுத் தரச் சொன்னாலும் அவர் பட்டை பட்டையாகத்தான் போட்டுத் தருவார். எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த வேன் எத்தனை நடை போனது, எந்த மாதம் எவ்வளவு சோப்புத்தூள் செலவானது, எல்லாம் பட்டைதான். “இந்த மனுஷனுக்குப் பட்டையை விட்டா வேற ஒண்ணும் தெரியாதா?” என்று வேன் ஓட்டுநர் ஒருவர் கேட்டு வைத்தார். பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

அந்தப் படங்களைக் குறை சொன்னவர் யாருமில்லை. ஒரே சாம்பல் நிறத்தில், நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் பக்கத்திலேயே அது யாருடையது என்று எழுதியிருக்கும். வாசல் கதவருகே ஒட்டி வைத்தால், செருப்பை மாட்டுகிற நேரத்துக்குள் எல்லோரும் படித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர் பட்டையையே கட்டிக்கொண்டு அழுததற்குக் காரணம் ஒன்று இருந்தது. அது அவருடைய அப்பாவுக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவர் கண்ணுக்கு ஒன்றுக்கொன்று சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். முகஜாடை ஒன்று. யார் எவர் என்று பிரித்துச் சொல்ல வராது.

முதலில் கண்டுபிடித்தது அவருடைய அக்கா. சின்ன வகுப்பில் அவர் வரைந்த மரத்துக்கு இலை பழுப்பாகவும் அடிமரம் பச்சையாகவும் இருந்தது. வகுப்பே சிரித்தது. வீட்டில் அக்கா சிரிக்கவில்லை. வண்ணக் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் காகிதச் சுற்றில் முதல் எழுத்தை எழுதிக் கொடுத்தாள். குச்சி தேய்ந்து எழுத்து போய்விட்டால் மறுபடி எழுதுவாள். அதை வைத்துக்கொண்டே அவர் பள்ளிக்கூடத்தை ஒப்பேற்றினார்.

இளைஞனானதும் ரயில் ஓட்டும் வேலைக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வில் தேறினார். கண் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். அதற்குள் ஓர் எண் ஒளிந்திருக்கிறது, அது என்ன என்று கேட்டார். இவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. எதையோ சொன்னார். டாக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதற்கும் எதையோ சொன்னார். மூன்றாவது பக்கத்தைத் திருப்பாமல் டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டார். வெளியே காத்திருந்த அப்பா, பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “இதை யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதே. அப்புறம் எங்கயும் வேலை குடுக்க மாட்டாங்க.” அதை அவர் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். அப்பா காலமான பிறகும் முடிச்சு அவிழவில்லை.

சலவை ஆலையில் முதலில் அவர் சேர்ந்தது துணி பிரிக்கும் பகுதியில். ஆஸ்பத்திரி மூட்டைக்குச் சிவப்புக் கயிறு, ஹோட்டல் மூட்டைக்குப் பச்சைக் கயிறு. சேர்ந்த வாரமே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஹோட்டல் துணியோடு உருண்டன. சூப்பர்வைசர், கண்ணை எங்கே அடகு வைத்துவிட்டு வந்தாய் என்று கேட்டார். கவனிக்கவில்லை என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடியும் அதுவே நடந்தது. கை சுத்தம், நேரத்துக்கு வருகிறான், ஆனால் கவனம் மட்டும் கிடையாது என்று சொல்லி அவரை மாடியில் இருந்த அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே கணினி இருந்தது. எண்களுக்கு நிறம் கிடையாது. அவருக்கு அது சொர்க்கமாக இருந்தது.

அட்டவணையிலிருந்து படம் போடத் தானாகவே கற்றுக்கொண்டார். வட்டத்தைத் துண்டு போடும் படத்தை முதல்முறை போட்டுப் பார்த்தபோது, ஒரு பெரிய ரொட்டியில் கத்தியால் கோடு கிழித்து வைத்ததுபோலத் தெரிந்தது. எந்தத் துண்டு யாருடையது என்று ஓரத்தில் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் வேறு. நாலைந்து கோடுகள் பின்னிக்கொண்டு போகும் படமும் அப்படித்தான். பட்டையில் அந்தத் தொல்லை இல்லை. நீளம் நீளம்தானே. யார் கண்ணுக்கும் நீளம் மாறாது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். புது மேனேஜர் வந்தார்.

அவர் சுறுசுறுப்பான பெண்மணி, பட்டையைவிட வயதில் சின்னவர். கெட்ட மனசு கிடையாது. எல்லோருடைய பிள்ளைகளின் படிப்பையும் விசாரிப்பார். ஆனால் சாம்பல் நிறத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளர்களை ஆலைக்கு அழைத்து விவரம் சொல்லும் கூட்டம் நெருங்கியபோது, ஆலை வெளுத்து அனுப்பியதில் மறுபடி சலவைக்குத் திரும்பி வராமல் காணாமல் போகும் துணிகளில் யார் பங்கு எவ்வளவு என்று வட்டப் படமாகப் போடச் சொன்னார். ஆலையின் பச்சை நிறத்துக்குப் பொருத்தமாக, மண், இலை, செங்கல் சாயலில் ஒரு வண்ணத் தொகுதியையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். துண்டுகளின் மேல் பெயர் எழுதட்டுமா என்று பட்டை கேட்டார். எழுத்து இருந்தால் அழகு கெட்டுவிடும், கலரே பேசட்டும் என்றார் மேனேஜர்.

அந்த வண்ணங்கள் பட்டையிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

என்ன செய்வது? துண்டுகள் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்தார். உச்சியிலிருந்து கடிகார முள் போகும் திசையில் ஆஸ்பத்திரி, ஹோட்டல், மாணவர் விடுதி, உணவகம், அழகு நிலையம், கடைசியில் நூல் மாதிரி ஓர் உடற்பயிற்சிக் கூடம். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தார்.

கூட்டம் மாடி அறையில் நடந்தது. கீழே கொதிகலன் ஓடுவதால் அந்த அறையில் தரையே வெதுவெதுப்பாக இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பு ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். சலவை ஆலையில் துணிக்கா பஞ்சம்? முன்வரிசையில் ஆஸ்பத்திரித் துணிகளுக்குப் பொறுப்பான அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒரு தலையணை உறை குறைந்தாலும் போன் போட்டுக் கேட்கிறவர். அவருக்குப் பக்கத்தில் ஹோட்டல்காரர், பின்னால் மற்றவர்கள். மேனேஜர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் வாசலில் யாரோ கூப்பிட, குச்சியைப் பட்டையிடம் கொடுத்து, ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த நேரம் பார்த்து வட்டப் படம் திரையில் வந்து நின்றது.

“இதுல எங்க பங்கு எது?” என்று ஆஸ்பத்திரி அம்மாள் கேட்டார்.

பட்டை நிமிர்ந்து பார்த்தார். படம் அவர் போட்டதுபோல் இல்லை. பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று மேனேஜர் காலையில் அதைச் சாய்த்து, தடிமன் கொடுத்து, அரைச் சுற்று திருப்பி வைத்திருந்தார். மனப்பாடம் செய்த பாடம் மொத்தமும் தலைகீழாகிவிட்டது. பழக்கத்தில், உச்சியில் இருந்த துண்டைக் குச்சியால் தொட்டு, “இதுதான் மேடம்” என்றார். அதுதான் வட்டத்திலேயே பெரிய துண்டு.

அந்த அம்மாளின் முகம் மாறியது.

“எல்லாரையும் விட அதிகமா துணி அனுப்புறது நாங்க. ஒவ்வொண்ணையும் எண்ணித்தான் அனுப்புறோம். இவ்வளவு காணாம போகுதுன்னா, என் ஆளுங்க திருடறாங்கன்னு சொல்றீங்களா?”

ஹோட்டல்காரர் ஓரத்தில் இருந்த வண்ணக் கட்டங்களையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமல் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திரும்பி வந்த மேனேஜர்தான், அது ஹோட்டலின் பங்கு, ஆஸ்பத்திரியுடையது பக்கத்துத் துண்டு என்று திருத்தினார். மன்னிப்பும் கேட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதானே. உங்கள் படத்தையே பார்த்துச் சொல்லத் தெரியாத நீங்கள் எங்கள் துணியை எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம் மேஜை மேல் அப்படியே கிடந்தது.

எல்லோரும் போன பிறகு மேனேஜர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. “படத்தைப் போட்டது நீங்க. உங்களுக்கே எது எதுன்னு தெரியலையா?”

“கவனக்குறைவு மேடம்” என்றார் பட்டை. அந்த வார்த்தை அவருக்குப் பழகின சட்டை மாதிரி. கை தானாக அதற்குள் போய்விடும்.

வீட்டில் அவர் மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரர்களுக்கு நூலும் பொத்தானும் விற்கும் கடையில் அவளுக்கு வேலை. நூறு வகைச் சிவப்பில் கேட்ட சிவப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். அவளிடமா இதைச் சொல்வது என்றுதான் இத்தனை நாளும் அவர் சொல்லாமல் இருந்தார். அன்றைக்கு ஒரு வாய் காபிகூட இறங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து, ரயில் வேலை வரைக்கும் பின்னால் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியுமே” என்றாள்.

“என்ன தெரியும்?”

“கல்யாணம் ஆன புதுசுல தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னா, பாதிக்குப் பாதி காயா வாங்கிட்டு வருவீங்க. கடைக்காரன் தலையில கட்டிட்டான்னு நினைச்சேன். அப்புறம் ஒருநாள் எங்க கடைக்கு வந்தீங்க. அந்தப் பச்சை நூலை எடுங்கன்னேன். பழுப்பை எடுத்து நீட்டினீங்க. அப்பவே புரிஞ்சு போச்சு.”

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இவ்வளவு நாள் ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கியும் விட்டது. தன் சட்டைகளையும் கால்சட்டைகளையும் அவள் எப்போதும் ஜோடி ஜோடியாகவே அடுக்கி வைப்பதன் காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவளை ஏதோ சுத்தக்காரி என்று நினைத்து அவர் கேலி வேறு செய்திருந்தார்.

மேனேஜரிடம் போய்ச் சொல்லச் சொன்னாள் அவள். அவர் தயங்கினார். வேலை போய்விட்டால்?

“போகக்கூடாது. அதனாலதான் சொல்லச் சொல்றேன். கண்ணுல ஒரு கோளாறுன்னா மனுஷங்க ஒத்துப்பாங்க. கவனமில்லாத ஆளுன்னா எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்க?”

மறுநாள் காலை மேனேஜரின் அறையில் உட்காராமலே சொல்லி முடித்தார். அவர் எதிர்பார்த்த ஆறுதல் கிடைக்கவில்லை. மேனேஜருக்குக் கோபம்தான் வந்தது. அந்த வண்ணங்களைத் தேர்ந்தெடுத்ததும் தான்தான், பெயர் வேண்டாம் என்றதும் தான்தான், காலையில் திருப்பி வைத்ததும் தான்தான், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் எதையாவது செய்திருப்பேனா என்று பொரிந்து தள்ளினார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அடங்கினார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“உங்க இடத்துல நான் இருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்கும் தெரியல” என்றார். “சரி விடுங்க. அந்தம்மாவுக்கு இப்ப என்ன காட்டுறது? அதைச் சொல்லுங்க.”

இருவரும் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பட்டை தன் வழக்கப்படி ஒரு பட்டைப் படத்தைப் போட்டார். காணாமல் போன துணிகளின் எண்ணிக்கை. ஹோட்டல் முதலில், அடுத்தது ஆஸ்பத்திரி. பெயர்கள் பக்கத்திலேயே. தெளிவாகத்தான் இருந்தது. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். எல்லாரையும் விட அதிகமாகத் துணி அனுப்புவது நாங்கள்தான் என்று அந்த அம்மாள் சொன்னதை நினைவுபடுத்தினார். அதிகம் அனுப்புகிறவர்களிடம் அதிகம் தொலையத்தான் செய்யும். அனுப்பிய நூறு துணிக்கு எத்தனை தொலைந்தது என்று பார்த்தால்தானே நியாயம்?

பட்டைக்கு அது தோன்றவே இல்லை. படம் தெளிவாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டார். அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்து, வகுத்து, மறுபடி பட்டை போட்டார். வரிசை தலைகீழானது. ஆஸ்பத்திரி எல்லோருக்கும் கீழே போய்விட்டது. ஹோட்டல் நடுவில் நின்றது. எல்லோருக்கும் மேலே, மற்றவர்களைப் போலப் பல மடங்கு நீளத்தில், அந்த உடற்பயிற்சிக் கூடம். வட்டத்தில் நூல் மாதிரி இருந்த அதே துண்டு. அங்கே போவதே கொஞ்சம் துவாலைத் துண்டுகள்தான், அதில் பாதி திரும்பி வருவதில்லை. வியர்வையைத் துடைத்தவர்கள் அப்படியே பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியிருக்கிறார்கள். இருவரும் திரையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாதவாரியாக எப்படிப் போயிருக்கிறது என்று காட்டவும் ஒரு படம் வேண்டியிருந்தது. அதற்கும் பட்டை பட்டையே போட்டார். எல்லா மாதமும் எல்லா வாடிக்கையாளரும் சேர்ந்து அது பல் போன சீப்பு மாதிரி ஆகிவிட்டது. காலம் போகப் போக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கக் கோடுதான் சரி என்றார் மேனேஜர். கோடென்றால் ஆளுக்கொரு கலர் வேண்டுமே என்று பட்டை முணுமுணுத்தார்.

“அந்தம்மாவுக்கு எதுக்கு ஊர்க்கோடெல்லாம்? அவங்க கோடு ஒண்ணு போதாதா?”

போதும்தான். ஒற்றைக் கருப்புக் கோடு. யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. கோட்டைக் கண்டாலே பயந்துகொண்டிருந்த பட்டை அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடித்தளத்தில், இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள் நிறைந்த அறையில் அந்த அம்மாள் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும்வரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முடித்ததும் என்ன என்பதுபோல நிமிர்ந்தார். மேனேஜர் பேச ஆரம்பிக்குமுன் பட்டையே முன்னால் வந்தார்.

“அன்னைக்குத் தப்பான துண்டைக் காட்டிட்டேன் மேடம். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். அதைச் சொல்லாம மறைச்சு வச்சிருந்தேன். அதனால உங்க ஆளுங்களுக்குக் கெட்ட பேர் வந்துடுச்சு. மன்னிக்கணும்.”

அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு பேர் அப்படி இருக்கிறார்கள் என்று, ஏதோ இருமல் ஜலதோஷத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படங்களுக்காகக் கையை நீட்டினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி முதல் படத்தைப் பார்த்தார். அடியில் தன் ஆஸ்பத்திரியின் பெயரைக் கண்டதும் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. எதையும் விளக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இரண்டாவது படத்தில் கோடு ஓரிடத்தில் ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி இறங்கியிருந்தது. விரலை அங்கே வைத்தார்.

“இது நாங்க ஸ்டோர் ரூம் மாத்தின சமயம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கதவருகே நின்ற உதவியாளரைக் கூப்பிட்டு, பழைய அறையின் பரணில் ஏதாவது மூட்டை கிடக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்.

பரணில் கிடந்தது. தொலைந்ததாக எழுதிய விரிப்புகளில் பெரும்பாலானவை அங்கே தூசி படிந்து இருந்தன. அதை அவரே போன் செய்து மேனேஜரிடம் சொன்னார். மறு வாரம் ஒப்பந்தம் கையெழுத்தாகி வந்தது.

உடற்பயிற்சிக் கூடத்தின் முதலாளி மட்டும் முதலில் எகிறினார். தன் உறுப்பினர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள், துண்டு திருடுகிற சாதியில்லை என்றார். மேனேஜர் அவருடைய பட்டையை மட்டும் அனுப்பி வைத்தார். இரண்டு நாள் கழித்து, வாசலில் துண்டு போட ஒரு பெரிய கூடை வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

ஆலையில் விஷயம் பரவியது. அடுத்த சில நாட்கள் பட்டைக்குப் பெரும் தொல்லை. ஆளாளுக்குப் பேனாவையும் டிபன் டப்பாவையும் கைக்குட்டையையும் அவர் மூக்குக்கு முன்னால் நீட்டி, இது என்ன கலர் சொல்லுங்கள் என்றார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேடிக்கைதான். ஆனால் ஒரே வேடிக்கையை எத்தனை முறை பொறுப்பது? எதைக் காட்டினாலும் “நீலம்” என்று சொல்ல ஆரம்பித்தார். அவர்களுக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். துணி பிரிக்கும் பகுதியின் சூப்பர்வைசர் மட்டும் வேடிக்கைக்கு வரவில்லை. ஒருநாள் மாடியேறி வந்து, வேறு ஏதோ கணக்குக் கேட்பதுபோல நின்று, போகும்போது அவர் தோளில் கையை வைத்து, “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேனேஜருக்கு வண்ணத்தின் மேல் இருந்த ஆசை போய்விடவில்லை. தன் அறைத் திரைச்சீலைக்கு மஞ்சள் பூப்போட்ட துணி வாங்கி மாட்டினார். படங்களில் மட்டும், எதையாவது போடுவதற்கு முன்னால் இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். யார் பார்க்கப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும், ஒப்பிடவா, ஏற்ற இறக்கம் பார்க்கவா, பாதிக்கு மேல் யாருடையது என்று சொல்லவா என்று இழுத்துக்கொண்டே போவார்கள். பட்டை சில நேரம் தோற்றுப்போய்க் கோடு போட்டார். ஒருமுறை வட்டம்கூடப் போட்டார். கொதிகலனின் வெந்நீரில் பாதிக்கு மேல் ஒரே வேலைக்குப் போகிறது என்று காட்ட, இரண்டே துண்டு, ஒன்று அடர்த்தியாக, ஒன்று வெளிறி, நடுவில் பெயர் எழுதி.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு அறை நிறைய ஆள். படம் திரையில் வந்ததும் பட்டை வழக்கம்போலக் குச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். ஆஸ்பத்திரி அம்மாள் பார்த்துத் தலையசைத்தார். ஹோட்டல்காரர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். உடற்பயிற்சிக் கூடத்து முதலாளி, தன் பட்டை பாதியாகக் குறைந்திருப்பதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மேனேஜர் அடுத்த படத்துக்குப் போனார். குச்சிக்கு வேலையே வரவில்லை. பட்டை அதை மேஜை மேல் வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார்.

அன்று வீட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். மனைவி கூட்டம் எப்படிப் போனது என்று கேட்டாள்.

“யாரும் ஒண்ணும் கேக்கல” என்றார்.

“அது நல்லதா, கெட்டதா?”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “நல்லதுதான்” என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனார்.